செலவு யார் கணக்கில்?

அன்புள்ள கயல்,

மூட் கோர்ட்டில் தனியார் பள்ளி நிர்வாகத்தின் தரப்பு உன் பங்குக்கு விழுந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டு எழுதியிருந்தாய். 25 சதவீத இடத்துக்கு வரும் ஏழைப் பிள்ளைக்கு எதிராக நின்று பேச வேண்டியிருக்கிறதே என்பது உன் வருத்தம். எனக்கென்னவோ உனக்கு நல்ல பக்கம்தான் கிடைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. பிள்ளைக்காகப் பேசுகிறவருக்கு வேலை சுலபம். உரிமை, உரிமை என்று நாலு தடவை சொன்னாலே கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பள்ளிக்காக நிற்கிறவள்தான் அந்த உரிமைக்குக் காசு யார் கட்டுவது என்று கேட்டாக வேண்டும். நம் நாட்டுக் கல்வி வழக்குகளில் ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து, தொடத் தயங்கிய கேள்வி அது.

கதை அரசியல் நிர்ணய சபையில் தொடங்குகிறது. முதல் வரைவில், ஒவ்வொரு குடிமகனுக்கும் இலவச ஆரம்பக் கல்வி பெற உரிமை உண்டு என்று இருந்தது. 1948 நவம்பர் 23 அன்று லட்சுமி காந்த மைத்ரா எழுந்தார். இது வழிகாட்டு நெறிகள் பகுதியில் வருகிறது, இங்கே உரிமை என்று எழுதுவது பொருந்தாது, எடுத்துவிடலாம் என்றார். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அன்றே அவர் 14 வயது வரை கல்வி என்ற வரம்பை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் கவனி. சிலர் 11 வயது போதும் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று வேறொரு பிரிவில் எழுதியிருக்கிறோம், வேலையில் இல்லாத பிள்ளை பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்றார் அம்பேத்கர். அவருடைய வாதங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று இது. ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

அப்படி வந்ததுதான் 45ஆவது பிரிவு. பத்தாண்டுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி கொடுக்க அரசு முயல வேண்டும் என்றது. வழிகாட்டு நெறிகளிலேயே காலக்கெடு வைத்து எழுதப்பட்டது இது ஒன்றுதான். 1960 வந்தது, போனது. யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியவில்லை, ஏனென்றால் உரிமை என்று எழுதவில்லை.

கதவைத் திறந்தது ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கு. கர்நாடகத்தின் தும்கூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. 1989இல் மாநில அரசு போட்ட அறிவிக்கையின்படி அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், மற்ற இடங்களில் உள்ளூர் மாணவருக்கு 25,000, வெளிமாநில மாணவருக்கு 60,000. உத்தரப் பிரதேசத்திலிருந்து விண்ணப்பித்த மோகினி ஜெயினிடம் 60,000 கேட்டார்கள். அதற்கு மேல் நாலரை லட்சம் டொனேஷன் கேட்டார்கள் என்றும் அவர் சொன்னார், கல்லூரி மறுத்தது. 1992 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கல்வி பெறும் உரிமை 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையிலிருந்தே பிறக்கிறது, எல்லா நிலைக் கல்விக்கும் அது பொருந்தும், கேபிடேஷன் கட்டணம் அரசமைப்புக்கு விரோதம் என்றார்கள்.

இங்கே ஒரு தொழில் பழக்கம் சொல்லித் தருகிறேன். எந்தத் தீர்ப்பை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படி. வழக்குப் போட்டவர் கையில் என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டு, அப்புறம் மேலே போ. மோகினி ஜெயின் வழக்கின் கடைசிப் பக்கத்தில் அவருக்குச் சீட்டு இல்லை! தகுதிப் பட்டியல் வழியாக வந்தவர் அல்ல, வகுப்பும் தொடங்கி நாளாகிவிட்டது என்று நிவாரணம் மறுத்துவிட்டார்கள். நாட்டுக்கே உரிமையை அறிவித்த தீர்ப்பு, கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பியது. எல்லா நிலைக் கல்வியும் உரிமை என்றால் அதற்கு யார் பணம் போடுவது என்பதற்கும் அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

ஆறு மாதம்தான் தாக்குப்பிடித்தது. தனியார் கல்லூரிகள் அலறிக்கொண்டு போக, 1993 பிப்ரவரி 4 அன்று ஐந்து நீதிபதிகள் உன்னி கிருஷ்ணன் வழக்கில் உரிமையை வெட்டிச் சுருக்கினார்கள். 14 வயது வரை அது அடிப்படை உரிமை. அதற்கு மேல் அரசின் பொருளாதார வசதியைப் பொறுத்தது. பத்தாண்டு என்று சொன்னது நான்கு மடங்குக்கு மேல் கடந்துவிட்டது என்று நீதிபதி ஜீவன் ரெட்டி சுட்டிக்காட்டிய பகுதியை அவசியம் படி. அரசைப் பெயர் சொல்லிக் குட்டிய இடம் அது. ஆனால் தொழிற்கல்லூரிக் கட்டணத்துக்கு அவர்கள் கண்ட வழி விசித்திரமானது. பாதி இடங்கள் இலவசம், பாதி இடங்கள் கட்டண இடங்கள். கட்டணம் கட்டுகிற பாதி, கட்டாத பாதியின் செலவையும் சுமக்கும். அரசின் பையிலிருந்து ஒரு காசு வெளியே வரவில்லை.

2002 அக்டோபர் 31 அன்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினோரு நீதிபதிகள் அந்தத் திட்டத்தைத் தள்ளினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று இன்றைக்கும் சுடும். நடைமுறையில் இலவச இடங்களை நல்ல பள்ளியில் படித்த நகரத்துப் பணக்காரப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். மதிப்பெண் சற்றுக் குறைந்த கிராமத்துப் பிள்ளை அவர்களுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டினான். அதன்பின் 2005இல் இனாம்தார் வழக்கு. அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகளில் அரசு இடஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றார்கள். அதற்கு எதிர்வினையாக நாடாளுமன்றம் 93ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து 15(5) என்று சேர்த்தது. இந்தப் பகுதி உன் வழக்குக்கு ஓரமாகத்தான் வரும், மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

உன் வழக்கின் மையம் வேறு. 2002 டிசம்பரில் 86ஆவது திருத்தம் 21ஏ என்ற பிரிவைத் தந்தது: 6 முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கல்வி உரிமைச் சட்டம் (ஆர்.டி.இ.) 2009இல்தான் நிறைவேறியது. இரண்டும் ஒரே நாளில், 2010 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தன. ஏழு வருடம் ஏன் ஆயிற்று என்று கேட்காதே. செலவை யார் எவ்வளவு பங்கு போடுவது என்ற பேச்சுக்குப் போன காலம் அதில் கணிசம்.

அந்தச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. 8ஆவது பிரிவு, கட்டாயக் கல்வி என்றால் கட்டாயம் அரசின் தலையில் என்று விளக்கம் தருகிறது. பெற்றோரைப் போலீஸ் பிடிக்கும் கட்டாயம் அல்ல. 7ஆவது பிரிவு, நிதிப் பொறுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் உண்டு என்கிறது. 12(1)(சி)தான் உன் பிரிவு. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்து நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். நம் ஊரில் ஆர்.டி.இ. சீட்டு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், வீடு ஒரு கிலோமீட்டருக்குள். அந்தப் பிள்ளைக்கு அரசு பள்ளிக்குத் தரும் தொகை எவ்வளவு? அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு அல்லது அந்தப் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. கட்டணம் அதிகம் வாங்கும் பெரிய பள்ளிக்கு இதில் நட்டம். தெருமுனை நர்சரிப் பள்ளிக்கு, பணம் காலத்தில் வந்தால், வரவு. வராத மாதங்களில் அந்தத் தாளாளர் ஆசிரியைகளுக்குச் சம்பளம் போடக் கடன் தேடுவார். அதையும் மீறி, சீருடைக்கு, புத்தகத்துக்கு என்று அந்தப் பெற்றோரிடமே கைநீட்டுகிற பள்ளிகளும் இருக்கின்றன. உன் கட்சிக்காரர் அந்த ரகமா என்று எதிர்த்தரப்பு கேட்கும், தயாராக இரு.

2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் இந்த 25 சதவீதத்தை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. தலைமை நீதிபதி கபாடியாவும் நீதிபதி சுதந்தர் குமாரும் ஒரு பக்கம். மாறுபட்டவர் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன். உதவி பெறாத பள்ளியை இதற்குக் கட்டாயப்படுத்த முடியாது, 21ஏ சொல்லும் கடமை அரசுடையது என்பது அவர் கருத்து. உன் வாதத்தின் முதுகெலும்பு இந்த மாறுபட்ட தீர்ப்புதான். அவர் போய்ச் சேர்ந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. வேலைக்காரம்மாவின் மகளும் வீட்டுக்காரம்மாவின் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்வது, அதை எந்த வழியில் கொண்டுவந்தாலும், நல்ல காரியம். ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. தன் கடமையை இன்னொருவர் கட்டடத்தில் நிறைவேற்றிக்கொள்ளும் அரசு, அதற்கான பணத்தையாவது ஒழுங்காகத் தருமா?

பதில் 2025இல் நம் கண்ணெதிரே வந்தது. மும்மொழிக் கொள்கையும் கூடவே வரும் என்பதால் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை; அதைக் காட்டி மத்திய அரசு, பள்ளிக் கல்விக்குத் தரும் சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்தி வைத்தது. அங்கிருந்து வராததால் ஆர்.டி.இ. பணம் தர முடியவில்லை என்றது மாநில அரசு. விளைவு, வழக்கமாகக் கோடையில் தொடங்கும் விண்ணப்பப் பதிவு அந்த வருடம் தொடங்கவே இல்லை. அடிப்படை உரிமை என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுதப்பட்ட ஒன்றுக்கு விண்ணப்பம் போட இணையப் பக்கம் திறக்கவில்லை! ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இரு தரப்பையும் பிடித்துக்கொண்டது. ஆர்.டி.இ. நிதியை வேறு திட்டத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று மத்திய அரசுக்குச் சொன்னது. மத்திய நிதி வரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது என்றும் சொன்னது. சேர்க்கை அறிவிப்பு அக்டோபரில் வந்தது, காலாண்டுத் தேர்வெல்லாம் முடிந்த பிறகு. மும்மொழி விவகாரத்தில் மாநிலத்தின் பக்கம் நியாயம் உண்டு என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் அந்த ஐந்து மாதத்துக்கு நாலு வயதுப் பிள்ளைகளைப் பணயம் வைத்ததில் இரண்டு அரசுகளுக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே கயல், பிள்ளைக்கு உரிமை இல்லை என்று வாதாடாதே. தோற்பாய், தோற்கவும் வேண்டும். உரிமை உண்டு, அதை நிறைவேற்றும் செலவு அரசுடையது, அதைத் தவணை தவறாமல் தராதவரை பள்ளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது என்று வை. 8ஆவது பிரிவையும் 7ஆவது பிரிவையும் நீதிபதி கையில் கொடு. இரண்டு அரசுகளையும் எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் இந்த வழக்கை எப்படித் தீர்ப்பீர்கள் என்று கேள்.

இன்னொன்று. நிர்வாகம் சிறுபான்மை அறக்கட்டளை என்று உன் வினாத்தாளில் இருந்தால் ஆட்டமே மாறிவிடும். 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு, உதவி பெறுபவை உட்பட, இந்தச் சட்டமே பொருந்தாது என்றுவிட்டார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்கில் 2025 செப்டம்பர் 1 அன்று இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பின் மேல் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள். உன் வினாத்தாளை இன்னொரு தடவை நிதானமாகப் படித்து, அந்த ஒரு விவரத்தை மட்டும் முதலில் எனக்கு எழுது. மிச்சத்தை அதற்கு ஏற்றபடி பேசலாம்.

அன்புடன்,
மாமா