பெயரும் பொறுப்பும்

திரைக்கலை பலரின் கூட்டுழைப்பால் உருவாவது. எழுத்தாளரின் கற்பனையும் தயாரிப்பாளரின் வசதியும் ஒன்றுபடாதபோது படைப்பு என்னாகும் என்பதற்கு, 1973ஆம் ஆண்டில் ஒளிபரப்பான 'தி ஸ்டார்லாஸ்ட்' என்னும் கனடா நாட்டு அறிவியல் புனைவுத் தொடர் சான்றாகும்.

இதன் மூலக்கருவை அளித்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஹார்லன் எலிசன். புவி அழிய, எஞ்சிய மாந்தர் மாபெரும் விண்கலத்தில் தனித்தனிக் குவிமாடங்களுக்குள் வாழ்கின்றனர். தலைமுறைகள் பல கடந்தபின், தாம் பயணத்தில் இருப்பதையே மறந்துவிடுகின்றனர் என்பது அக்கரு.

சிறிய மாதிரி அரங்குகளையும் நடிகர்களையும் ஒரே காட்சியில் இணைக்கும் 'மேஜிகேம்' என்னும் புதிய ஒளிப்பதிவு முறையை நம்பிப் பணி தொடங்கியது. அம்முறை சரிவர இயங்கவில்லை. குறுகிய கூடத்துள்ளேயே அரங்குகள் அமைக்க நேர்ந்ததால் கதையின் பரப்பும் சுருங்கியது. அறிவியல் ஆலோசகர் பென் போவாவின் அறிவுரைகளும் புறக்கணிக்கப்பட்டன. தம் கதை சிதைக்கப்பட்டதாகக் கருதிய எலிசன், ஒளிபரப்புக்கு முன்பே விலகினார். தம் பெயருக்கு மாற்றாகக் 'கார்ட்வெய்னர் பேர்டு' என்னும் புனைபெயரை இடச்செய்தார். தமக்கு உடன்பாடில்லாத படைப்புகளுக்கென அவர் வைத்திருந்த பெயர் அது.

தொடர் 16 பகுதிகளுடன் நின்றது. ஆயினும், மாற்றப்படாத அவருடைய மூலத் திரைக்கதை அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்றது. போவாவோ தம் பட்டறிவை 'தி ஸ்டார்கிராஸ்டு' (1975) என்னும் அங்கதப் புதினமாக்கினார்.

கருவி பழுதுறுதல் எப்பணியிலும் நேரக்கூடியது. உடன் உழைப்போரின் சொல்லுக்குச் செவிசாய்த்தால் அதற்கு மாற்றுவழி காணலாம். படைப்பின்மீது இடப்படும் பெயர், அதற்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழியாகும். உடன்பட இயலாதபோது அப்பெயரை விலக்கிக்கொள்வதும் எழுத்தாளரின் உரிமையே.

கற்பவை கற்றபின்…

கூட்டுப்பணியில் எழுத்தாளர் எதுவரை விட்டுக்கொடுக்கலாம்? வகுப்பறையில் கலந்துரையாடுக.