சிறுநீரகச் சிறு கட்டியும் தொடர் கண்காணிப்பும்

சிறுநீரகத்தில் கட்டி என்றதும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது அறுவைச் சிகிச்சை?" என்பதே. எல்லாக் கட்டிகளையும் உடனே வெட்டி எடுக்க வேண்டுமா? மருத்துவம் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் படித்தறிந்ததை இங்குப் பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

எது சிறு கட்டி?

4 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியைச் சிறு கட்டி என்பர். பெரும்பாலும் இதற்கு அறிகுறி இராது. வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போது தற்செயலாகத் தெரிய வரும். இத்தகைய கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அன்று. புற்றுநோயாக இருப்பவற்றிலும் பல மெதுவாகவே வளரும். சராசரி வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான்.

யாருக்குக் கண்காணிப்பு?

முதியவர்கள், இருதய நோயாளிகள், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்கள் ஆகியோருக்கு, கட்டியைவிட அறுவைச் சிகிச்சையே அதிக ஆபத்தாக அமையலாம். அமெரிக்காவில் 2009-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 497 நோயாளிகள் இடம்பெற்றனர். கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தவர்களும் உடனே சிகிச்சை பெற்றவர்களும் ஐந்தாண்டுகளில் சிறுநீரகப் புற்றுநோயால் இறப்பது மிக அரிது என்று 2015-இல் வெளிவந்த அதன் முடிவு காட்டியது.

எப்படிக் கண்காணிப்பர்?

தொடக்கத்தில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுப்பர். மாற்றம் இல்லையெனில் இடைவெளி கூடும். தேவைப்பட்டால் ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிப்பர். ஓராண்டில் 5 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலோ, 4 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ சிகிச்சையைப் பற்றி முடிவெடுப்பர். அப்போதும் பல வேளைகளில் கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். சிலருக்கு, மெல்லிய ஊசியைச் செலுத்தி வெப்பத்தாலோ கடுங்குளிராலோ கட்டியை அழிப்பதும் உண்டு.

எங்கள் வீட்டில்

என் பெரியம்மாவுக்கு 74 வயதில் 2 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. கண்காணிக்கலாம் என்றதும், "வயசாயிடுச்சின்னு கைவிட்டுட்டாங்க" என்று அழுதார். தமிழில் சீழ்க்கட்டியும் கட்டிதான், புற்றுநோயும் கட்டிதான். எனவே அளவையும் வளர்ச்சியையும் எடுத்துச் சொன்னேன். ஒவ்வொரு ஸ்கேன் அளவையும் இப்போது அவரே நாள்காட்டியில் எழுதி வைக்கிறார்.

அன்பர்களே, கண்காணிப்பின் பலன் நாள் தவறாமல் செல்வதில்தான் இருக்கிறது. வலியில்லை என்று ஸ்கேனைத் தள்ளிப் போட்டால், கட்டி வளர்வது தெரியாமலே போகும். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்நிலை வந்தால், மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: அளவு என்ன? எவ்வளவு வளர்ந்துள்ளது? அடுத்த ஸ்கேன் எப்போது? அந்த நாளில் அவரை அழைத்துச் செல்லுங்கள்.