பழுதுபட்ட முழங்கால்

2021 ஏப்ரல் 12. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கூடைப்பந்து ஆட்டம் முடியும் தறுவாயில், டென்வர் நகெட்ஸ் அணியின் ஜமால் மர்ரே இடது முழங்காலைப் பிடித்தவாறு சரிந்து விழுந்தார். கனடாவில் பிறந்த அவருக்கு அப்போது வயது 24. 'ஏ.சி.எல்.' என்னும் தசைநார் கிழிந்திருந்தது.

பேருந்தில் கண்ணீர் மல்க அவர் பயிற்சியாளர் மைக்கேல் மலோனிடம் கேட்டது வலியைப் பற்றியன்று. பழுதுபட்ட சரக்காகிவிட்ட தம்மை வேறோர் அணிக்குத் தள்ளிவிடுவார்களோ என்பதே அவரது அச்சம். மலோன் அவரை அணைத்து, 'நீ எங்களுடையவன்' என்ற பொருளில் தேற்றினாராம்.

முழங்காலுக்கு நேர்ந்த கேட்டைத் தமக்கே நேர்ந்ததாகக் கொண்டார் அவ்விளைஞர். உடல் வலிமையால் வாழ்பவர்க்கு இம்மயக்கம் எளிதில் வரும், மற்றவர்க்கும் வராமலில்லை. இத்தனைக்கும், சிறு வயதிலேயே தந்தையிடம் தியானம் பயின்றவர் அவர்! பயிற்சி அச்சத்தை வரவிடாமல் தடுப்பதில்லை. வந்தபின் நிற்கக் கற்பிக்கிறது.

அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2022 ஏப்ரலில் அணி அவரின்றியே ஆடித் தோற்றது. அக்டோபரில்தான் களம் திரும்பினார்.

2023 ஜூன் மாத இறுதித் தொடரில், மயாமியில் நடந்த மூன்றாம் ஆட்டத்தில் அவர் 34 புள்ளிகள் குவித்ததையே பலரும் பேசினர். அதனினும் கருதத்தக்கது வேறொன்று. முதல் நான்கு ஆட்டங்களிலும் பத்துக்குக் குறையாமல், தோழர்கள் புள்ளி பெறும்படி பந்தை வழங்கினார். நான்காம் ஆட்டத்தில் அவர் எடுத்தவை 15 புள்ளிகளே, வழங்கியவை 12. மூன்று நாள் கழித்து டென்வர் தன் முதல் பட்டத்தை வென்றது.