ஒழுகும் தொட்டி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் நிலப்பகுதி, முன்னாளில் ஏரிகளும் வயல்களும் நிறைந்து விளங்கியது. இராமாநுசர் தோன்றிய ஊர் என்பது திருப்பெரும்புதூரின் பழம்பெருமை. இன்று தொழில் வளம் என்னும் புதுப்பெருமையும் அதனுடன் சேர்ந்துள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டிலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. மயிரிழையும் பிசகாமல் உறுப்போடு உறுப்பைப் பொருத்தும் தொழிலாளர் பலர் இப்பகுதியில் குடியிருக்கின்றனர்.

அவர்கள் வாழும் பழைய வீடு ஒன்றை மனத்தில் எண்ணிக் கொள்வோம். வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பியவர் கண்ணயர முயல்கின்றார். ஊர் அடங்கிவிட்டது, ஆனால், கழிவறையிலிருந்து எழும் சலசலப்பு மட்டும் அடங்கவில்லை. விடிந்ததும் பார்த்தால் மாடியிலுள்ள நீர்த்தொட்டி வெறுமையாய்க் கிடக்கின்றது. ‘மோட்டார் பழுது’ என்பார் ஒருவர். ‘கிணறு வற்றிவிட்டது’ என்பார் மற்றொருவர். கழிவறைச் சுவரிலுள்ள ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பவர் ஒருவரும் இலர்.

அவ்வொழுக்கு நிமிடத்திற்கு ஒரு குவளை, அஃதாவது 200 மில்லிலிட்டர் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். ஆகவே, ஒரே நாளில் 288 லிட்டர் நீர் வீணாகின்றது. நம் நாட்டில் நகரக் குடிநீர்த் திட்டங்கள் வகுப்போர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கணக்கிடுவர். எனவே, இருவர் பங்கிற்கும் மிகுதியான நீர் எவருக்கும் பயனின்றிச் சாக்கடையைச் சேர்கின்றது. திருப்பெரும்புதூருக்குக் கிழக்கேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரி, சென்னைக்கு நீர் வழங்கும் பேரேரிகளுள் ஒன்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதுவும் வறண்டு வெடித்துக் கிடந்தது. மக்கள் குடங்களோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். அந்நாளை நினைப்போர்க்கு ஒரு குவளை நீரும் சிறிதாகத் தோன்றாது.

ஃபிளஷ் தொட்டியின் அமைப்பு எளியது. உள்ளே நீர் வரும் வாயில் ஒன்று. நீர் வெளியேறும் வாயில் மற்றொன்று. நீர் ஏற ஏற மிதவை ஒன்று உயர்ந்து, குறித்த அளவு வந்ததும் வருவாயிலை அடைக்கின்றது. தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் வாஷர் போவாயிலை அடைத்து நிற்கின்றது. நீர் அளவு கடந்து ஏறினால், அதனைக் கழிகலத்துள் வடியவிட உள்ளே ஒரு வழிகுழாய் உண்டு.

பழுது எங்கே உள்ளது என்பதை அறிய ஒரு சோதனை போதும். தொட்டி நிறைந்ததும், நீர் நிற்கும் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, தொட்டிக்கு வரும் குழாயின் அடைப்பானை மூடிவிட வேண்டும். அரைமணி நேரம் கழித்துப் பார்க்கும்போது, நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்குக் கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலும் அடிவாஷரே தேய்ந்தது எனலாம். மட்டம் இறங்காமல் நின்று, அடைப்பானைத் திறந்ததும் நீர் மீண்டும் ஏறி வழிந்தால் மிதவை வால்வே பழுதுற்றது. தரை நனைந்திருந்தால் இணைப்புகளில் கசிவு உண்டா என்று காகிதத்தை ஒற்றிப் பார்க்கலாம். சங்கிலியை இழுத்து நீர்விடும் பழைய இரும்புத் தொட்டிகள் பலவற்றில் அடிவாஷர் இராது. அவற்றில் நீர் ஓயாது ஒழுகினால் முதலில் மிதவை வால்வையே பார்த்தல் வேண்டும்.

சில வேளைகளில் புதிய உறுப்பே வேண்டுவதில்லை. நிலத்தடி நீரிலுள்ள உப்பு, வால்வின் வாயில் வெண்படிவமாய் ஒட்டிக்கொள்ளும். அதனைக் காடியில் ஊறவைத்துத் துடைத்தாலே ஒழுக்கு நிற்பதுண்டு. ரப்பர் இறுகி வெடித்திருந்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

மாற்றுறுப்பு வாங்குவதில்தான் பலர் பிழை செய்கின்றனர். கடைக்குச் சென்று, ‘ஒரு வாஷர் கொடுங்கள்’ என்று கேட்டு, கிடைத்ததை வாங்கி வருவர். அது சிறிது பெரிதாயினும் சிறிதாயினும் பயன்படாது. பழைய உறுப்பைக் கழற்றிக் கையோடு கொண்டு செல்வதே நேர்வழி. வாஷராயின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். வால்வாயின் திருகின் அளவையும், நீர் பக்கவாட்டில் வருகின்றதா அடியிலிருந்து வருகின்றதா என்பதையும் நோக்க வேண்டும். வழிகுழாயின் உயரமும் தொட்டிக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். தொட்டியின் உட்புறத்திலோ மூடியின் அடியிலோ செய்தவர் பெயர் பொறித்திருந்தால் அதனையும் குறித்துக்கொள்ளலாம். பொருத்தும்போது பிளாஸ்டிக் மரையை மிகுதியாக முறுக்கினால் வெடித்துவிடும். இறுதியில், நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் அளவேனும் தாழ்ந்து நிற்குமாறு மிதவையைத் திருத்தி அமைக்க வேண்டும்.

கழிவறை வேலையைத் தொடுவது இழிவு என்று கருதுவோர் இன்றும் உளர். அத்தொட்டியில் நிற்பது கழிகலத்துக்குச் செல்லும் முன் உள்ள நீரே. வீட்டின் மற்றக் குழாய்களில் வருவதும் அந்நீரே. அதில் கையிட்டு வேலை செய்த பின் சோப்பினால் கழுவினால் போதும். தொழிற்சாலையில் திருகாணி முடுக்கும் கை பெருமைக்குரியதாயின், வீட்டுத் தொட்டியைத் திருத்தும் கையும் பெருமைக்குரியதே. ஒரு வேலையை இழிந்தது என ஒதுக்கி, அதனைச் செய்யும் மனிதரையும் ஒதுக்கும் வழக்கமே உண்மையில் இழிந்தது.

சிறு துளி பெருவெள்ளம் என்பது பழமொழி. சேரும் துளிக்குப் பொருந்துவது போலவே, ஒழுகும் துளிக்கும் அது பொருந்தும். கருதிப் பார்த்து, அளந்து அறிந்து, உரிய உறுப்பை உரிய இடத்தில் வைப்பவன், ஒரு வாஷரின் விலையில் நாள்தோறும் இருவர்க்குரிய நீரைக் காக்கின்றான். இன்றிரவு வீடு அடங்கிய பின், உங்கள் வீட்டுத் தொட்டி ஒலிக்கின்றதா என்று செவிகொடுத்துக் கேளுங்கள்.