பழைய லேப்டாப்பில் புது விண்டோஸ் போடலாமா?



நம்மில் பலர் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் பீரோ மேலே கிடக்கும். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தது. படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போகும்போது, "அம்மா, குழுக் கணக்கை இதுல போட்டுக்கோ" என்று நம்மிடம் விட்டுப் போவார்கள். எங்கள் குழுவுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது.

அது ரொம்ப மெதுவாகிப் போகவே டவுனில் ஒரு கடையில் கொடுத்தோம். "புது விண்டோஸ் போட்டுத் தர்றேன்க்கா" என்றார் கடைத் தம்பி. சாயங்காலம் வாங்கி வந்து திறந்தால் திரை பளபளன்னு இருக்கு, மூணு வருஷக் கணக்கைக் காணோம்! ஃபார்மேட் அடிச்சதில் எல்லாம் போயிடுச்சாம். அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சேமிப்பு, கடன் பேரேட்டைக் கையாலும் எழுதி வந்ததால் தப்பித்தோம். ஆனாலும் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற இரண்டு மாசம் ஆச்சு. தணிக்கை தள்ளிப் போய், வங்கிக் கடனும் தள்ளிப் போனது.

ஆகவே முதல் வேலை, கணக்கை வெளியே எடுப்பது. ஒரு பென்டிரைவில் ஒரு நகல், இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஒரு நகல். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் பாருங்கள். டி டிரைவையும் விடாதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய தீர்மானங்களைப் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்திருந்தால், புதுசு போட்டபின் அந்த எழுத்துரு இருக்காது. கோப்பு திறக்கும், ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கலாகத் தெரியும். அழிஞ்சு போச்சுன்னு பதற வேண்டாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், அதிலிருந்து உங்கள் எழுத்துருவையும் நகல் எடுத்து வைத்து, பிறகு அதைப் போட்டால் சரியாகிவிடும். இனிமேல் அடிப்பதை யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, மாற்றத்தான் வேண்டுமா? விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. குரோம் 2023 முதல் விண்டோஸ் 7-க்குப் புதுப் பதிப்பு தருவதில்லை. அதனால் சில இணையதளங்கள் சரியாகத் திறக்காது. இன்டர்நெட்டே போடாமல் கணக்கு மட்டும் எழுதினால் அப்படியே விட்டுவிடலாம் என்பேன். ஆனால் அதில் வங்கி வேலை பார்க்கக் கூடாது.

விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும். சுமார் 2018-க்கு முன் வந்த லேப்டாப் பெரும்பாலும் இதில் தேறாது. "நான் எப்படியாவது ஏத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. திருட்டு விண்டோஸ் அதைவிட மோசம், வைரஸையும் கூடவே கூட்டி வரும்.

அப்போ என்ன வழி? லினக்ஸ். காசு கிடையாது. லினக்ஸ் மின்ட் 2 ஜி.பி. ரேமில் ஓடும், 4 இருந்தால் சுகம். முடிந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். வேகம் கூடுவது அதனால்தான் அதிகம். லினக்ஸோடு வரும் லிப்ரே ஆஃபீஸில் நம்ம எக்செல் கணக்கு திறக்கும். ஆனால் வங்கி முகவராக வேலை பார்க்கும் சகோதரிகள், கைரேகைக் கருவி லினக்ஸில் வேலை செய்யுமா என்று வங்கியில் கேட்காமல் மாற்ற வேண்டாம். பிரிண்டரையும் அப்படியே விசாரியுங்கள். நேரடியாக ஏற்றாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கவும் வழி உண்டு. கடைக்காரரிடம் கேளுங்கள், அரைமணி நேரத்தில் பிடிக்குதா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

ஏற்றும் நாளன்று கரண்ட் பராமரிப்பு நிறுத்தம் உண்டா என்று விசாரிச்சுக்கோங்க. பழைய பேட்டரி தாங்காது, பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். முடிந்ததும் கோப்புகளைத் திரும்ப ஏற்றி, ஒவ்வொரு உறுப்பினரின் சேமிப்பு, கடன் நிலுவையையும் கைப்பேரேட்டோடு ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்து சரிபாருங்கள். அதுவரை பென்டிரைவில் உள்ளதை யாரும் அழிக்கக் கூடாது.