ரெசின் காரும் பிளாஸ்டிக் பழக்கமும்

தமியா, ரெவெல் போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளில் கை தேர்ந்தவர்களே ரெசினில் வார்த்த மாடல் காரிடம் சறுக்குவதுண்டு. பிளாஸ்டிக்கில் படிந்த பழக்கம் இங்கே செல்லுபடியாகாது.

"மாடல் சிமென்ட் இருக்கிறது, அது போதும்."

போதாது. அந்த சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து, இரு பாகங்களையும் ஒன்றாக்கிவிடுவது. கார் கிட்டுகளில் வரும் ரெசின் பெரும்பாலும் பாலியூரித்தேன்; இறுகிய பிறகு அந்தக் கரைப்பானுக்கு மசியாது. ஒட்டியதுபோல் பாவனை செய்து, காய்ந்ததும் கையோடு வந்துவிடும். இதற்கு சூப்பர் க்ளூ வேண்டும். பாரம் தாங்கும் இடங்களில் இரண்டு குழாய் எபாக்ஸி. ஜன்னல் கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் க்ளூ கூடாது, அதன் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துப்போகும். வெள்ளைப் பசையே மேல்.

"புதுப் பெட்டி, கழுவுவானேன்?"

வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர ஒரு வழுக்குப் பொருள் பூசுகிறார்கள். அதன் மிச்சம் பாகத்தில் ஒட்டியிருந்தால் பெயின்ட் திட்டுத் திட்டாக விலகும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் தேய்க்கும் திரவம், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். உப்புத்தாள் போட்ட பிறகு இன்னொரு முறை கழுவுங்கள். அடியில் டீ வடிகட்டி இருக்கட்டும். 1/43 அளவில் முழுக் காரே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான், பக்கக் கண்ணாடி சாக்கடைக்குள் போனால் போனதுதான்.

"கோணலாக வந்தால் மட்டமான கிட்."

இது கொஞ்சம் அநியாயம். பிளாஸ்டிக் கிட்டுக்கு உலோக அச்சு, லட்சக்கணக்கில் வார்க்கலாம். ரெசினுக்கு சிலிக்கோன் ரப்பர் அச்சு. சில டஜன் வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும். பெரிய நிறுவனங்கள் தொடாத லெ மான் பந்தயக் கார்களை பிரான்சின் ஸ்டார்ட்டர், ப்ரோவான்ஸ் மூலாஜ் போன்ற சிறு தயாரிப்பாளர்களால் 1/43 அளவில் கொண்டுவர முடிந்தது இந்த மலிவான அச்சால்தான். அதற்கு விலையாகக் கொஞ்சம் கோணல், கொஞ்சம் பிசிறு, கொஞ்சம் காற்றுக்குமிழி. கோணலைச் சரிசெய்வதும் பெரிய வித்தையில்லை. கொதிக்காத, ஆனால் நல்ல சூடான நீரில் பாகத்தைச் சிறிது நேரம் போட்டால் இளகும். நேராகப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே நிற்கும். வளைந்த பாகம் சூடு பட்டதும் தானே நிமிர்வதும் உண்டு.

"சுழலும் மின்கருவி இல்லாமல் ஆகாது."

ஆகும். மெல்லிய ரம்பம், கத்தி, ஊசி அரங்கள், கையால் திருகும் சிறு துளைக்கருவி, 400 முதல் 1000 வரை வாட்டர் பேப்பர். மின்கருவி ரெசினைச் சூடாக்கி இளக்கிவிடும். அதைவிட மோசம், தூளை அறை முழுக்க இறைக்கும். இறுகிய ரெசின் தீங்கற்றது என்று நினைத்து அந்தத் தூளை மூச்சில் ஏற்றாதீர்கள். நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. அறுக்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள். துணிக் கவசம் பேருக்குத்தான்.

"ப்ரைமர் பெயின்ட் பிடிக்க மட்டும்."

பாதி உண்மை. வெளிர் ரெசினில் கண்ணுக்குத் தப்பும் ஊசித்துளைகள் சாம்பல் ப்ரைமர் பட்டதும் பளிச்சென்று தெரியும். துளைக்குள் ஒரு துளி சூப்பர் க்ளூ, மேலே ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, உடனே இறுகிவிடும். அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். ஓரிரவு விட்டால் அந்தப் பொட்டு சுற்றியுள்ள ரெசினைவிடக் கெட்டியாகி, நீங்கள் தேய்க்கத் தேய்க்கச் சுற்றுப்புறம்தான் பள்ளமாகும்.