ஃபைட்டருக்குத் துணை தேடும் முன்

வண்ண மீன் கடையில் மற்ற மீன்களெல்லாம் தொட்டியில் ஓடியாடிக்கொண்டிருக்க, ஃபைட்டர் மட்டும் கைக்கடக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் அசையாமல் நிற்கும். டப்பாக்களுக்கு நடுவே அட்டை சொருகியிருப்பார்கள். அட்டையை உருவினால் போதும், இரண்டு பக்கமும் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடும். அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, இதற்கு ஹார்லிக்ஸ் பாட்டிலே தாராளம் என்று முடிவுகட்டுபவர்கள்தான் நிறைய. பனியன் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதனால் டெய்லர் முதல் மெர்ச்சன்டைசர் வரை கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தாச்சோடு பாட்டல்ல வெக்கலாமுங்?"

டப்பாவில் அது சாகாமல் இருக்கக் காரணம் அதன் மூச்சு. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இன்னொரு உறுப்பு இருப்பதால், ஃபைட்டர் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிக்கொள்ளும். நம்மூர் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்பு உண்டு. 1791-ல் தரங்கம்பாடியில் அந்த மீனைப் பனைமரத்தில் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதியது இன்றுவரை பேசப்படுகிறது. ஆக, கெட்ட தண்ணீரில் ஃபைட்டர் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிப்பதை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

அதன் சொந்த ஊர் தாய்லாந்தின் நெல்வயலும் சேற்றுக் குட்டையும். ஆழம் கொஞ்சம், பரப்பு நிறைய. தொட்டி வாங்கும்போதும் அந்தக் கணக்குத்தான்: உயரத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 28 லிட்டர் பிடிக்கும். ஒரு ஃபைட்டருக்கு 20 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம். இடம் இருந்தால் ஒன்றரை அடி நீளத் தொட்டி நல்லது. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் பார்க்க அழகு, மீனுக்கு ஆகாது. மேலே வாய் குறுகியிருக்கும், ஃபில்டர் வைக்க வழியிருக்காது, சுத்தம் செய்யும்போது முழுத் தண்ணீரையும் கொட்ட வேண்டிவரும். விளிம்புவரை நிரப்பவும் கூடாது. ஃபைட்டர் எகிறிக் குதிக்கும், அதனால் இரண்டு அங்குலம் விட்டு மேலே ஒரு மூடி அவசியம்.

இனி தண்ணீர். இதை மற்ற ஊர்க்காரர்கள் நாலு வரியில் முடித்துவிடலாம், திருப்பூரில் முடியாது. இங்கே வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர். போரில் வருவது உப்புத் தண்ணி, குழாயில் வருவது நல்ல தண்ணி. பல வருஷமாகச் சாயக்கழிவு நொய்யலில் ஓடியதன் மிச்சம் நிலத்தடியில் இன்னும் இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பட்டறைகள் திறந்தன. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு கோர்ட் உத்தரவைக் கேட்டு மேலே வந்துவிடாது. கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி உங்கள் போர்த் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பல பகுதிகளில் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும். அதில் ஃபைட்டரை அப்படியே விடாதீர்கள்.

நல்ல தண்ணி ஆற்றுத் தண்ணீர், உப்பு குறைவு. ஆனால் குளோரின் போட்டு வருகிறது. வாய் அகன்ற பக்கெட்டில் ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து போதும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீரில் சுகாதாரப் பணியாளர்கள் கொசுப்புழுவுக்கு மருந்து ஊற்றிவிட்டுப் போயிருந்தால் அதை எடுக்க வேண்டாம். நல்ல தண்ணி வராத நாட்களில் பலரும் கேன் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். கேனில் வரும் ஆர்ஓ தண்ணீரில் தாது அதிகம் மிச்சமிருக்காது, அதன் தன்மை நிலையாக நிற்காது. உங்கள் போர் இரண்டாயிரம் காட்டுகிறது என்று வையுங்கள். ஒன்பது பங்கு கேன் தண்ணீரில் ஒரு பங்கு போர்த் தண்ணீரைக் கலந்தால் 200-லிருந்து 250-க்குள் வந்து நிற்கும், ஃபைட்டருக்கு அது போதும். எந்தத் தண்ணீரானாலும் வாரம் ஒருமுறை கால்வாசி மாற்றுங்கள். இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாற்றி மாற்றி ஊற்றுவது, உப்புத் தண்ணியைவிடக் கேடு.

புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனை விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றிக் கொடுக்கும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலைந்து வாரம் பிடிக்கும். மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால், அவர் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரோடு வையுங்கள், சீக்கிரம் தயாராகும். ஃபில்டருக்குப் போகும் காற்றைக் குறைத்து வையுங்கள். நீண்ட வாலை இழுத்துக்கொண்டு எதிர்நீச்சல் போட ஃபைட்டரால் ஆகாது.

பஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. மீன் வளர்ப்புப் புத்தகங்களில் இல்லாத தொல்லை ஒன்று நம் ஊருக்கு உண்டு. நிட்டிங் மெஷின் ஓடும் தெருவிலோ கட்டிங் நடக்கும் கட்டடத்திலோ தொட்டி இருந்தால், சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து தண்ணீர்ப் பரப்பைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் ஏடு ஒன்று பாலாடைபோலப் படிந்திருக்கும். அத்தனையும் பறந்து விழுந்த பஞ்சு, அதன்மேல் தீனியின் எண்ணெய். ஃபைட்டர் மூச்சுக்கு வரும் இடமே அதுதான். மேலே வந்து கவ்விவிட்டு வாயிலிருந்து எதையோ துப்புவதைப் பார்க்கலாம். அச்சில்லாத வெள்ளைத் தாளைப் பரப்பின்மேல் படியவிட்டு, ஒரு ஓரமாகத் தூக்கினால் ஏடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஏர் பம்பை மெஷின் பக்கம் வைக்காதீர்கள். அடியிலிருக்கும் சின்னப் பஞ்சு வட்டு அடைத்துக்கொண்டு காற்று நின்றுபோகும்.

மூடிக்கு நம்மிடமே சரக்கு இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்டுக்குப் போகும் பாலியஸ்டர் மெஷ் துணியில் ஒரு கட்பீஸ், சுற்றி எலாஸ்டிக். காற்று போகும், பஞ்சு தங்கிவிடும், மீன் குதிக்காது. ஃபினிஷிங்கில் சாஃப்ட்னர் ஏறியிருக்கும் என்பதால், சோப்புப் போடாமல் வெந்நீரில் நன்றாக அலசிக் காயவைத்து, தண்ணீரில் படாதபடி இழுத்துக் கட்டுங்கள். செக்கிங் டேபிளில் கறை எடுக்கும் ஸ்ப்ரே அடிக்கும் அறையிலும், கொசுவர்த்தி புகையும் அறையிலும் தொட்டி வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றைத்தான் பம்ப் தண்ணீருக்குள் தள்ளும்.

ஃபைட்டருக்குச் சுகமான சூடு 24-லிருந்து 28 டிகிரி. சிமென்ட் ஷீட் போட்ட லைன் வீட்டில் சித்திரையில் அதைத் தாண்டிவிடும். மேற்குச் சுவரைத் தவிர்த்து, தரையை ஒட்டின தாழ்வான இடத்தில் வைத்து, மெஷ் மூடிமேல் ஃபேன் காற்று படும்படி திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைப் போட்டு ஒரேயடியாகக் குளிர வைப்பது ஆபத்து. தெருவோரப் பாதாம் மரத்திலிருந்து தானாக உதிர்ந்த காய்ந்த இலையைக் கழுவி அரை இலை போட்டால், தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், ஃபைட்டருக்கு அது பிடிக்கும். சாயப்பட்டறைச் சுவரோரம் நிற்கும் மரத்து இலை மட்டும் வேண்டாம்.

இத்தனையும் சரியான பிறகுதான் துணை. வாங்குகிறவர்களுக்கோ அதுதான் முதல் கவலை. "ஏனுங்ண்ணா, பாவம், ஒத்தையா நிக்குதே, ஜோடி ஒண்ணு போடுங்" என்று கேட்டால் எந்தக் கடைக்காரர் இல்லை என்பார்? ஆணோடு ஆண் நினைத்துப் பார்க்கவே கூடாது. தாய்லாந்தில் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்த இனம் இது. பெண்ணை நிரந்தரமாகச் சேர்த்து வைத்தாலும் அடிதான். இனப்பெருக்கத்துக்குச் சில நாள் சேர்த்து வைப்பவர்கள்கூட, முட்டை வந்ததும் பெண்ணை எடுத்துவிடுவார்கள். நுரைக்கூடு கட்டி முட்டையைக் காப்பது ஆண்தான்.

கப்பியின் வண்ண வால் ஃபைட்டர் கண்ணுக்கு இன்னொரு ஃபைட்டர். டைகர் பார்ப் நேரெதிர், ஃபைட்டரின் வாலைக் கடித்துக் கிழிக்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். பாசி தின்னும் என்று தலையில் கட்டும் சக்கர் மீன், ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டியையே அடைத்துவிடும். வளர்ந்ததும் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. நம் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சர் பட்டியலில் ஏறியது. அங்கே அயல்நாட்டு மீனைக் கொட்டுவது புண்ணியமா? கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், சும்மாவாவது வாங்கிக்கொள்வார்.

சேர்க்கத்தான் வேண்டும் என்றால் என் முதல் ஓட்டு நத்தைக்கு. ஓடு உறுதியாக இருக்கக் கொஞ்சம் கடினத் தண்ணீர் வேண்டும், ஆகவே கலக்கிற அந்த ஒரு பங்கு போர்த் தண்ணீர் அதற்கும் உதவும். ஆப்பிள் நத்தையின் நீண்ட மீசையைச் சில ஃபைட்டர் புழு என்று நினைத்துக் கொத்தும். அப்படியானால் மீசையை அதிகம் நீட்டாத நெரைட் நத்தை. மீன்தான் வேண்டும் என்பவர்கள் இரண்டடித் தொட்டிக்குப் போய், எம்பர் டெட்ராவோ ஹார்லெக்வின் ரஸ்போராவோ எட்டுப் பத்து விடலாம். அடித்தளத்தில் மேயும் கோரி சாதுதான். ஆனால் ஆறு ஏழாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும், சூடும் தாங்காது. ஷீட் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வதில்லை. சின்ன இறால் போட்டால் அது தீனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மீன்களை முதலில் விட்டு, செடியும் ஒளிவிடமும் வைத்து, ஃபைட்டரைக் கடைசியாக விடுங்கள். முன்னால் வந்தது ஃபைட்டர் என்றால் தொட்டி முழுக்க அதன் பட்டா நிலம். ஒன்று சாதுவாக இருக்கும், அதே கடையில் வாங்கிய இன்னொன்று ரவுடியாக இருக்கும். அதனால் பிரித்துவிட ஒரு காலித் தொட்டி இல்லாமல் துணை வாங்கவே கூடாது. வால் நுனி கிழிந்தாலோ, ஒரு மீன் மூலையைவிட்டு வரவில்லை என்றாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு தெற்கே ஊருக்குப் போகிறவர்கள் மீனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வளர்ந்த ஃபைட்டர் நாலைந்து நாள் தீனியில்லாமல் இருக்கும். கிளம்பும் முந்தின நாள் தண்ணீர் மாற்றினால் போதும். அதற்கு மேல் லீவு என்றால், பக்கத்து வீட்டு அக்காவிடம் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். பொட்டலத்துக்கு மூன்று உருண்டை, நாள்விட்டு ஒரு பொட்டலம். தீனி டப்பாவைக் கையோடு ஊருக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.